தொற்றின் தடம் பிடிக்க: கொரோனா மரபணு வரிசைகளைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொரோனா வைரஸின் இரண்டு மரபணு வரிசைகளை இணையத்திலிருந்து இறக்கி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, இரண்டும் ஒரே பரவல் சங்கிலியைச் சேர்ந்தவையா என்று யோசிக்கப் பழகுவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. ஆய்வகம் வேண்டாம். நிரல் எழுதத் தெரிய வேண்டாம். பிரௌசர் ஓடும் ஒரு லேப்டாப்பும் ஒரு மதிய நேரமும் போதும். உயிரியல் மாணவர்கள், பொதுச் சுகாதாரத் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்கள், ‘புதிய உருமாற்றம் வந்துவிட்டது’ என்று செய்தி வரும்போது அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்படுபவர்கள், எல்லோருக்கும் இது ஆகும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘இவரிடமிருந்து அவருக்குத் தொற்றவில்லை’ என்பதை மரபணு வரிசை பெரும்பாலும் அடித்துச் சொல்லும். ‘இவரிடமிருந்துதான் தொற்றியது’ என்பதை வரிசை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. இந்த வேறுபாட்டை மறக்கும் இடத்தில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். கைதேர்ந்தவர்களும் சறுக்கியிருக்கிறார்கள், நாம் பயிற்சிக்கு எடுக்கப்போவதே அப்படி ஒரு கதைதான்.

பிழைதான் தடயம்

சார்ஸ்-கோவி-2 வைரஸின் மொத்த மரபணுவும் ஒரே ஓர் ஆர்என்ஏ இழை. நீளம் ஏறக்குறைய முப்பதாயிரம் எழுத்து. எழுத்துகள் நான்குதான்: ஏ, சி, ஜி, யு. கணினிக் கோப்புகளில் யு இருக்கும் இடத்தில் டி என்று எழுதுவது வழக்கம், குழம்ப வேண்டாம். வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது எப்போதாவது ஓர் எழுத்து மாறிவிடும். அந்தப் பிரதியிலிருந்து பிறக்கும் பிரதிகளிலும் அந்த மாற்றம் தொடரும். ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள் செய்ததும் இதே வேலைதான். இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், இரண்டும் ஒரே மூலத்தைப் பார்த்து எழுதியவை என்று கொள்வார்கள். எல்லாச் சுவடிகளும் ஒத்துப்போகும் வரிகளால் இந்த விஷயத்தில் பயனில்லை.

இந்த வைரஸ் ஒரு பரவல் கோட்டில் மாதத்துக்குச் சுமார் இரண்டு மாற்றங்களைச் சேர்க்கிறது. ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போக ஐந்து நாள் போல ஆகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று தொற்றுக்கு ஒரு முறைதான் ஓர் எழுத்து மாறுகிறது. ஆகவே ஒரே வீட்டில் தாத்தா, மகள், பேரன் என்று அடுத்தடுத்துத் தொற்றியிருந்தாலும் மூவரின் வரிசையும் ஒன்றாகவே இருக்கலாம். யார் யாருக்குக் கொடுத்தார் என்பது அந்த வரிசைகளை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் தெரியாது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை உதவும்.

ஒப்பிட ஓர் அடிப்படை வரிசை வேண்டும். உலகம் முழுக்கப் புழங்குவது வூஹான்-ஹூ-1. 2019 டிசம்பர் கடைசியில் வூஹானில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த மாதிரி அது. சாங் யோங்சென் குழு வரிசைப்படுத்த, அவர்களோடு வேலை செய்த எட்வர்டு ஹோம்ஸ் 2020 ஜனவரி 11 அன்று அதைப் பொதுவில் வெளியிட்டார். ஜென்பேங்க் என்ற பொது மரபணுக் கிடங்கில் இதன் எண் எம்என்908947.3, நீளம் 29,903 எழுத்து. இனி ‘ஏ23403ஜி’ என்று எங்கேயாவது பார்த்தால் பொருள் இதுதான்: வூஹான்-ஹூ-1இல் 23403ஆம் இடத்தில் ஏ இருந்தது, இந்த மாதிரியில் ஜி இருக்கிறது. 2020இல் உலகையே பிடித்துக்கொண்ட டி614ஜி (D614G) என்ற மாற்றமும் இதுவேதான். 614 என்பது ஸ்பைக் புரதத்தில் அமினோ அமிலத்தின் எண். இரண்டு எண்முறைகளும் கலந்தே வரும். எந்த எண் எழுத்துக்கு, எந்த எண் அமினோ அமிலத்துக்கு என்று பார்த்துப் படியுங்கள். ஸ்பைக் மரபணு 21563 முதல் 25384 வரை என்பது தெரிந்திருந்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

அப்புறம், வூஹான்-ஹூ-1 என்பது எல்லா வைரஸுக்கும் தாய் அல்ல. முதலில் முழுதாகக் கைக்குக் கிடைத்தது, அவ்வளவுதான். அதிலிருந்து ‘மாறியது’ என்று நாம் சொல்லும் சில எழுத்துகள் உண்மையில் பழையவையாகவே இருக்கலாம்.

எழுத்துகள் எங்கிருந்து வருகின்றன

லேப்டாப்பில் உட்காருபவருக்கு இந்தப் பகுதி அலுப்பாக இருக்கலாம். தாண்டிப் போகாதீர்கள். திரையில் தெரியும் வினோதங்களில் பெரும்பாலானவை வைரஸ் செய்தவை அல்ல, ஆய்வகத்தில் நேர்ந்தவை.

மூக்கிலோ தொண்டையிலோ ஸ்வாப் எடுக்கிறார்கள். ஆர்டி-பிசிஆர் சோதனையில் பாசிட்டிவ் வந்த மாதிரிகளில், சிடி மதிப்பு (வைரஸ் தென்பட எத்தனை சுற்று பெருக்க வேண்டியிருந்தது என்ற எண்) குறைவாக இருப்பவற்றைத்தான் வரிசைப்படுத்தத் தேர்ந்தெடுப்பார்கள். 30க்குக் கீழே என்பது பொதுவான வழக்கம். சிடி எவ்வளவு குறைவோ அவ்வளவு வைரஸ் அதிகம். 35 உள்ள மாதிரியை ஓட்டினால் பணமும் போகும், வரிசையும் ஓட்டை ஓட்டையாக வரும்.

மாதிரியில் உள்ள ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி, பிரைமர்களை (பெருக்கத்தைத் தொடங்கிவைக்க ஒட்டும் குட்டி டிஎன்ஏ இழைகள்) வைத்து சிறு சிறு துண்டுகளாகப் பெருக்குகிறார்கள். பரவலாகப் பயன்பட்டது ஆர்டிக் குழுவின் பிரைமர் தொகுப்பு. அதன் மூன்றாம் பதிப்பில் சுமார் 400 எழுத்து நீளமுள்ள 98 துண்டுகள் மொத்த மரபணுவையும் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறியபடி மூடும். பக்கத்துத் துண்டுகள் ஒன்றோடொன்று மோதாமலிருக்க இரண்டு குழாய்களில் பிரித்துப் பெருக்குவார்கள். பிறகு இல்லுமினா இயந்திரத்திலோ, கைக்குள் அடங்கும் மினியான் கருவியிலோ ஓட்டி, கிடைத்த வாசிப்புகளை (இயந்திரம் படித்த எழுத்துத் தொடர்களை) வூஹான்-ஹூ-1 மேல் பொருத்தி, ஒவ்வோர் இடத்திலும் எந்த எழுத்து என்று முடிவுசெய்கிறார்கள். ஓர் இடத்தில் போதுமான வாசிப்புகள் இல்லையென்றால் (ஆர்டிக் முறையில் 20க்குக் குறைவு) அங்கே ‘என்’ என்று போட்டுவிடுவார்கள். என் என்றால் ‘தெரியவில்லை’. ‘மாற்றமில்லை’ என்று அதைப் படிக்கக் கூடாது.

இது எங்கே கடிக்கும் என்றால், பிரைமர் ஒட்ட வேண்டிய இடத்திலேயே வைரஸ் மாறியிருந்தால் அந்தத் துண்டு சரியாகப் பெருகாது. டெல்டா காலத்தில் இப்படித்தான் ஆனது. ஸ்பைக்கில் 142ஆம் அமினோ அமிலத்தை மாற்றும் எழுத்து 21987ஆம் இடத்தில் இருக்கிறது. அந்த இடம் ஆர்டிக் மூன்றாம் பதிப்பின் 72ஆம் துண்டுக்குள் வருகிறது; அந்தத் துண்டின் ஒரு பிரைமர் ஒட்ட வேண்டிய இடத்தில் டெல்டாவில் சில எழுத்துகள் விடுபட்டிருந்தன. துண்டு சரியாக வராமல், பல டெல்டா வரிசைகளில் அந்த மாற்றம் இல்லாதது போலவே பதிவானது. வரிசைகளின் உறவைக் கிளை கிளையாகக் காட்டும் மரத்தில் பார்த்தால் அந்த மாற்றம் தோன்றுவதும் மறைவதும் மறுபடி தோன்றுவதுமாக இருக்கும். வைரஸ் அப்படியெல்லாம் மனம் மாற்றிக்கொள்வதில்லை. ஒரே எழுத்து கிளைக்குக் கிளை முன்னும் பின்னும் தாவினால் முதலில் பிரைமரைச் சந்தேகியுங்கள்.

பயிற்சிக்கு இரண்டு வரிசைகள்

வரிசைகள் கிடைக்கும் பெரிய இடங்கள் இரண்டு. ஜிசெய்டு தளத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொரோனா வரிசைகள் இருக்கின்றன. ஆனால் பதிவுசெய்து அனுமதி வாங்க வேண்டும், இறக்கியதை மற்றவர்களுக்குப் பகிரக் கூடாது என்பது விதி. ஜென்பேங்க் திறந்த கிடங்கு, யாரும் இறக்கலாம். பழகுவதற்கு ஜென்பேங்கே போதும்.

ஜென்பேங்க் தேடல் பெட்டியில் எம்என்985325 என்று போட்டு, ஃபாஸ்டா வடிவில் இறக்குங்கள். அடுத்து எம்டி152824. முதலாவது டபிள்யூஏ1: அமெரிக்காவில் உறுதிசெய்யப்பட்ட முதல் தொற்று, 2020 ஜனவரியில் வூஹானிலிருந்து வாஷிங்டன் மாநிலத்துக்குத் திரும்பியவர். இரண்டாவது டபிள்யூஏ2: அதே மாநிலத்தில், அதே ஸ்னோஹோமிஷ் மாவட்டத்தில், பிப்ரவரி 24 அன்று எடுத்த மாதிரி. அவர் வெளிநாடு எதற்கும் போகாத பதின்வயதுப் பிள்ளை. இடையில் ஐந்து வாரம். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பதுதான் கேள்வி. 2020 பிப்ரவரி கடைசியில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையே இந்தக் கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருந்தது.

இறக்கிய கோப்பை நோட்பேடில் ஒரு முறை திறந்து பாருங்கள். முதல் வரி அம்புக்குறியோடு தொடங்கும், அது பெயர்வரி. கீழே எழுத்துகள். கடைசியில் நிறைய ஏ வரிசையாக வந்தால் பயப்பட வேண்டாம், வைரஸின் வால் அப்படித்தான். இரண்டு கோப்புகளின் உள்ளடக்கத்தையும் ஒரே கோப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிச் சேமித்துக்கொள்ளுங்கள்.

நெக்ஸ்ட்கிளேடில் போடுங்கள்

நெக்ஸ்ட்கிளேட் என்பது பிரௌசரிலேயே ஓடும் இலவசக் கருவி. கணக்கெல்லாம் உங்கள் கணினியிலேயே நடக்கிறது, வரிசை வெளியே போவதில்லை. ஆய்வகத்தில் இன்னும் வெளியிடாத வரிசைகளை வைத்திருப்பவர்கள் இதனாலேயே இதை விரும்புகிறார்கள்.

தளத்தைத் திறந்ததும் எந்தத் தொகுப்போடு ஒப்பிட வேண்டும் என்று கேட்கும். சார்ஸ்-கோவி-2இல் வூஹான்-ஹூ-1 அடிப்படையிலானதைத் தேர்ந்தெடுங்கள். ஒமிக்ரானின் பிற்காலக் கிளைகளை அடிப்படையாகக் கொண்ட தொகுப்புகளும் அங்கே உண்டு. தவறி அதைத் தேர்ந்தெடுத்தால் நாம் பார்க்கப்போகும் மாற்றங்களின் பட்டியல் வேறு மாதிரி வரும். பிறகு கோப்பை இழுத்துப் போட்டு ஓட்டுங்கள். சில வினாடிகளில் இரண்டு வரிசைக்கும் இரண்டு வரிகள் வரும்.

மாற்றங்களைப் பார்க்கும் முன் தரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் சிறு வண்ண வட்டங்கள் இருக்கும்: என், எம், பி, சி, எஃப், எஸ். பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் ஒரு தடவை யோசி, சிவப்பு என்றால் நம்பாதே. என் என்பது தெரியாத எழுத்துகளின் அளவு. மூவாயிரம் தாண்டினால், அதாவது மரபணுவில் பத்தில் ஒரு பங்கு காணாமல் போனால், அந்த வரிசையை வைத்து நுணுக்கமாக எதுவும் பேசாதீர்கள். எம் என்பது கலப்பு இடங்கள்: ஒரே இடத்தில் இரண்டு எழுத்துகள் கேட்கிற மாதிரி. ஒருவருக்கே இரண்டு வைரஸ் தொற்றியிருக்கலாம்தான், ஆனால் பக்கத்துக் குழாயிலிருந்து ஒரு துளி சிந்தியிருக்க வாய்ப்பு அதைவிட அதிகம். பி என்பது உறவினர் யாரிடமும் இல்லாத தனி மாற்றங்கள் எத்தனை என்பது. சி என்பது நூறு எழுத்துக்குள் ஆறேழு மாற்றம் குவிந்துகிடப்பது. எஃப், எஸ் இரண்டும் புரதத்தின் வாசிப்பு நடுவில் குலைவதையோ நின்றுபோவதையோ குறிக்கும். அப்படி ஒரு வைரஸ் பொதுவாகப் பரவாது, ஆகவே பெரும்பாலும் இது வரிசைப்படுத்தலில் வந்த பிழை.

பொதுவாகக் கண்டுகொள்ளாமல் விட வேண்டிய இடங்களும் உண்டு. முதல் 55 எழுத்துகளும், 29804 முதல் கடைசி வரை உள்ளவையும் பல ஆய்வகங்களில் சரியாக வருவதில்லை. மரம் கட்டும்போது அவற்றை மறைத்துவிடுவது வழக்கம். 11083ஆம் இடம் இன்னொரு தொல்லை. அங்கே டி எழுத்துகள் வரிசையாக வருவதால், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத கிளைகளில்கூட அதே மாற்றம் திரும்பத் திரும்பத் தோன்றும். ‘இரண்டுக்கும் 11083 பொதுவாக இருக்கிறது, ஆகவே உறவு’ என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, இப்போது நம் இரண்டு வரிசைகள். டபிள்யூஏ1இல் மூன்று மாற்றங்கள் தெரியும்: 8782இல் சி டியாக, 18060இல் சி டியாக, 28144இல் டி சியாக. டபிள்யூஏ2இல் இதே மூன்றும் இருக்கும். கூடவே வேறு சிலவும். அதில் கவனிக்க வேண்டியவை 17747இல் சி டியாகவும், 17858இல் ஏ ஜியாகவும் மாறியிருப்பது.

8782, 28144 இரண்டும் சேர்ந்தே வரும் ஜோடி. வூஹானில் தொடக்கத்திலேயே பிரிந்த இரண்டு பெரும் கிளைகளைப் பிரிக்கும் எழுத்துகள் அவைதான். பல வரிசைகளில் இருப்பதால் நம் கேள்விக்கு அவற்றால் அதிக உதவியில்லை. ஆனால் 18060 அப்படியல்ல. அப்போது சீனாவிலிருந்து கிடைத்திருந்த 59 வரிசைகளில் இரண்டில்தான் அது இருந்தது. இவ்வளவு அரிதான ஓர் எழுத்து ஒரே மாவட்டத்தில் இரண்டு பேரிடம். தற்செயலாக இருக்க முடியுமா?

பெயரில் அதிகம் தேங்க வேண்டாம்

முடிவுப் பக்கத்தில் பாங்கோ பெயரும், அதாவது வைரஸின் கிளைகளுக்கு ஆய்வாளர்கள் இடும் பெயரும், ஒரு பத்தியில் இருக்கும். முதலாவதுக்கு ஏ, இரண்டாவதுக்கு ஏ.1. இந்தப் பெயர்முறையை ஆண்ட்ரூ ரம்பாட்டும் சகாக்களும் 2020இல் வகுத்தார்கள். ஓர் எழுத்தும் அதற்குப் பின் அதிகபட்சம் மூன்று எண்களும். அதற்கு மேல் போனால் புது எழுத்துக்கு மாறும். பி.1.1.28.1 (B.1.1.28.1) என்பது நீளமாகிவிட்டதால் பி.1 (P.1) என்று சுருக்கினார்கள், அதைத்தான் பிறகு உலகம் காமா என்று அழைத்தது. பி.1.617.2 டெல்டா, பி.1.1.529 ஒமிக்ரான். கிரேக்க எழுத்துகளை உலக சுகாதார அமைப்பு 2021 மே 31இல் கொண்டுவந்தது. அது பொதுமக்களுக்கும் செய்திக்கும். தடம் பிடிக்க பாங்கோ பெயர்கூடப் போதாது: ஒரே பெயருக்குள் லட்சக்கணக்கான வரிசைகள் இருக்கும். பெயர் ஒன்றாக இருப்பதால் உறவு என்று எழுதாதீர்கள். பெயர் வேறாக இருந்தால் மட்டும் அது உடனே பயன்படும்.

மரத்தில் பாருங்கள்

நெக்ஸ்ட்கிளேடிலேயே மரம் என்று ஒரு பகுதி உண்டு. உங்கள் வரிசைகள் ஒரு மாதிரி மரத்தில் எங்கே உட்காருகின்றன என்று காட்டும். ஆனால் அந்த மரத்தில் சில ஆயிரம் வரிசைகள்தான். உண்மையான அண்டை வீட்டுக்காரர்களைத் தேட அஷர் என்ற கருவி இருக்கிறது. கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தின் ஜீனோம் தளத்தில் அதை ஓட்டலாம். பல லட்சம் வரிசைகள் கொண்ட மரத்தில் உங்கள் வரிசையைச் சொருகி, பக்கத்தில் யார் யார் என்று எடுத்துக் கொடுக்கும். இங்கே உங்கள் கோப்பு அவர்கள் சர்வருக்கு ஏறும், அதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள்.

மரத்தைப் படிக்கும்போது கிடைமட்டத் தூரம் மட்டும்தான் பொருள் உள்ளது: எத்தனை மாற்றம், அல்லது எத்தனை நாள். மேலே கீழே எவ்வளவு நெருங்கி இருக்கின்றன என்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. ஒரு முடிச்சில் பிடித்து இரண்டு கிளைகளையும் மேல்கீழாகத் திருப்பினாலும் மரம் அதேதான். புதியவர்கள் பத்தில் ஒன்பது பேர் அடுத்தடுத்து எழுதியிருக்கும் பெயர்களைப் பார்த்து ‘பக்கத்தில் இருக்கிறதே’ என்று ஏமாறுகிறார்கள். பெயரிலிருந்து பின்னோக்கி நடந்து, இரண்டும் எந்த முடிச்சில் சந்திக்கின்றன என்று பாருங்கள். அங்கிருந்து இரு பக்கமும் எத்தனை எழுத்து என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைதான் உறவு. ஒரே முடிச்சிலிருந்து ஐம்பது கிளைகள் சீப்பு மாதிரி கிளம்பினால், அந்த ஐம்பதையும் இந்தத் தரவால் பிரிக்க முடியவில்லை என்று அர்த்தம். ஒற்றைக் கிளை மட்டும் நீண்டு துருத்திக்கொண்டிருந்தால் மறுபடி தரப் பக்கத்துக்குப் போங்கள்.

சியாட்டில் கதையின் மீதி

டபிள்யூஏ2 வரிசையைப் பார்த்ததும், வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகர ஆய்வாளர் ட்ரெவர் பெட்ஃபோர்டு என்ன நினைத்திருப்பார் என்று இப்போது உங்களுக்கே புரியும். டபிள்யூஏ1இன் மூன்று மாற்றங்களும் அப்படியே இருக்கின்றன. மேலே மூன்று சேர்ந்திருக்கின்றன. ஐந்து வாரத்துக்கு மூன்று மாற்றம், மாதத்துக்கு இரண்டு என்ற கணக்கோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. 18060 அரிதானது. ஆகவே ஜனவரியில் வந்த அந்தத் தொற்றிலிருந்தே வைரஸ் யாருக்கும் தெரியாமல் ஆறு வாரமாக ஊருக்குள் பரவிக்கொண்டிருக்கிறது என்று 2020 பிப்ரவரி 29 அன்று பொதுவில் சொன்னார். அந்த எச்சரிக்கையால் வாஷிங்டன் மாநிலம் விழித்துக்கொண்டது. வைரஸ் ஊருக்குள் சத்தமில்லாமல் பரவிக்கொண்டிருந்தது என்ற முக்கியமான பாதி சரிதான்.

மற்ற பாதி நிற்கவில்லை. பின்னால் அந்த மாநிலத்தில் நூற்றுக்கணக்கான வரிசைகள் வந்தன. அந்தப் பரவலைச் சேர்ந்த வரிசைகள் எல்லாவற்றிலும் 17747, 17858 இரண்டு மாற்றங்களும் இருந்தன. டபிள்யூஏ1 ஊரில் பரவியிருந்தால், அந்த இரண்டும் சேருவதற்கு முன் பிரிந்த கிளைகளும் கொஞ்சமாவது கிடைத்திருக்க வேண்டுமே? டபிள்யூஏ1 போலவே இருப்பவை, ஒரு மாற்றம் மட்டும் உள்ளவை, எதுவும் கிடைக்கவில்லை. பரிணாம உயிரியலாளர் மைக்கேல் வோரபியின் குழு கணினியில் பரவலைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, டபிள்யூஏ1இலிருந்து தொடங்கியிருந்தால் இப்படி ஒரு மரம் அமைவது மிகவும் அரிது என்று 2020இல் சயன்ஸ் இதழில் எழுதியது. ஜனவரி நோயாளியைத் தனிமைப்படுத்தியது பலித்திருக்கிறது. ஊரில் பரவியது பிறகு தனியாக நுழைந்த, நெருங்கிய உறவுள்ள இன்னொரு வைரஸ்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய வேலைமுறை ஒன்று இருக்கிறது. ஒரு சங்கிலி உங்கள் கண்ணுக்குத் தெரிந்தவுடன், ‘இது உண்மையென்றால் வேறு எதுவெல்லாம் கிடைத்திருக்க வேண்டும்?’ என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அவற்றைத் தேடுங்கள். இருப்பதை மட்டும் பார்த்தால் பெட்ஃபோர்டின் முடிவுக்குத்தான் யாரும் வருவார்கள். நானும் வந்திருப்பேன்.

வரிசையோடு தேதியும் இருக்கையும்

சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு நியூசிலாந்தைச் சொல்லலாம். 2020 செப்டம்பர் 29 அன்று துபாயிலிருந்து ஒரு விமானம் வந்தது, 86 பயணிகள். நியூசிலாந்து அப்போது வருபவர்கள் எல்லோரையும் 14 நாள் தனிமை விடுதியில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தது. ஏழு பேருக்குப் பாசிட்டிவ். ஏழு பேரும் ஐந்து நாடுகளிலிருந்து கிளம்பி துபாயில் விமானம் மாறியவர்கள். ஐந்து பேர் கிளம்பும் முன்னரே சோதனை செய்து நெகட்டிவ் சீட்டு வைத்திருந்தார்கள்.

ஏழு வரிசைகளும் ஒன்றாக இருந்தன. ஒன்றில் மட்டும் ஓர் எழுத்து கூடுதல். ஐந்து நாட்டில் தனித்தனியாகத் தொற்றியிருந்தால் வரிசைகள் இப்படி ஒத்துப்போக வழியே இல்லை. ‘ஊரிலேயே வாங்கிக்கொண்டு வந்தார்கள்’ என்ற விளக்கத்தை மரபணு அடித்துத் தள்ளிவிட்டது. அதோடு அதன் வேலை முடிந்தது. யார் யாருக்குக் கொடுத்தார், துபாய் நிலையத்திலா விமானத்துக்குள்ளா என்பதற்கு, அறிகுறி தொடங்கிய நாள், எத்தனையாம் நாள் சோதனையில் பாசிட்டிவ் ஆனது, யார் எந்த இருக்கை என்ற விவரங்களைப் பக்கத்தில் வைத்துத்தான் குழு பேசியது. முடிவையும் ‘விமானத்துக்குள் பல முறை தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம்’ என்ற அளவில்தான் எழுதினார்கள். உங்கள் அறிக்கையிலும் இந்த நிதானம் இருக்கட்டும்.

ஆகவே வரிசையோடு வரும் விவரத்தாளை வரிசையைப் போலவே சந்தேகத்தோடு பாருங்கள். மாதிரி எடுத்த தேதி வேறு, கிடங்கில் ஏற்றிய தேதி வேறு; கணக்குக்கு முதலாவதுதான். 04-03 என்பது மார்ச் 4ஆ ஏப்ரல் 3ஆ என்று நாட்டுக்கு நாடு மாறும். ஜனவரியில் எடுத்த மாதிரிகளில் பழைய வருடத்தையே தட்டிவிடுவது எல்லா ஊரிலும் நடப்பது. 2021 ஜனவரி என்று இருக்க வேண்டியது 2020 ஜனவரி என்று பதிவானால், ஆல்ஃபா ஒரு வருடம் முன்பே இருந்தது என்று ஒரு வதந்தி கிளம்பப் போதும். தேதிக்கும் மாற்ற எண்ணிக்கைக்கும் ஒரு வரைபடம் போட்டுப் பார்த்தால் இந்த மாதிரிப் பிழைகள் கோட்டை விட்டு விலகி நிற்கும்.

யாரை வரிசைப்படுத்தவில்லை?

மரத்தில் இல்லாதவர்கள்தான் அதிகம். இதைச் சொல்லாத எந்தப் படமும் பாதிப் படம். முதல் அலையில் பிரிட்டனுக்குள் வைரஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை தனித்தனியாக நுழைந்தது என்றும், பெரும்பாலும் ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலியிலிருந்து வந்தது என்றும் கண்டுபிடிக்க முடிந்தது ஏன்? அவர்கள் பல்லாயிரம் மாதிரிகளை வரிசைப்படுத்தியிருந்தார்கள், பயணக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தார்கள். குறைவாக வரிசைப்படுத்திய நாட்டிலிருந்து வந்த வைரஸ், அதிகம் வரிசைப்படுத்திய நாட்டிலிருந்து வந்ததாகவே மரத்தில் தெரியும். ஒரு திரிபை முதலில் கண்டறிந்த நாடு அது பிறந்த நாடு என்று எழுதுவதும் இதே தவறுதான். ஒமிக்ரானைத் தென்னாப்பிரிக்காவும் போட்ஸ்வானாவும் கண்டுபிடித்து 2021 நவம்பர் கடைசியில் உலகுக்குச் சொன்னது அவர்களிடம் நல்ல கண்காணிப்பு இருந்ததால். கிடைத்த பரிசு விமானத் தடை.

ஒமிக்ரானில் இன்னொரு பாடமும் உண்டு. எல்லா மாதிரியையும் வரிசைப்படுத்த எந்த நாட்டாலும் முடியாது. தென்னாப்பிரிக்காவில் சாதாரணப் பிசிஆர் சோதனையில் மூன்று இலக்குகளில் ஸ்பைக் இலக்கு மட்டும் விழாமல் போவதை ஆய்வகங்கள் கவனித்தன. 69, 70ஆம் அமினோ அமிலங்கள் விட்டுப்போன வைரஸில் அப்படித்தான் ஆகும், ஆல்ஃபாவிலும் அப்படித்தான் ஆனது. எதை வரிசைப்படுத்துவது என்று தேர்ந்தெடுக்க இது மலிவான வழி. பிஏ.2 வந்தபோது அந்த விடுபாடு அதில் இல்லாததால் இந்த வழி அதைப் பிடிக்கவில்லை.

இந்தியாவில் 2020 டிசம்பரில் பத்து ஆய்வகங்களோடு இன்சாகாக் என்ற மரபணு வரிசைப்படுத்தும் கூட்டமைப்பு தொடங்கியது. பாசிட்டிவ் மாதிரிகளில் 5 சதவீதத்தை வரிசைப்படுத்துவது இலக்கு. தமிழ்நாட்டு மாதிரிகள் வெளிமாநில ஆய்வகங்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் மாநிலப் பொதுச் சுகாதார ஆய்வகத்தின் சொந்த வரிசைப்படுத்தல் வசதி 2021 செப்டம்பரில் திறந்தது, டெல்டா அலை வடிந்த பிறகு. வரிசை கைக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்பது தடம் பிடிப்பதில் பெரிய விஷயம். மூன்று வாரம் கழித்து வரும் வரிசையை வைத்து வரலாறு எழுதலாம், யாரையும் தனிமைப்படுத்த முடியாது.

இரண்டு பொறிகள்

கலப்படம் முதலாவது. 2022 ஜனவரியில் சைப்ரஸிலிருந்து ‘டெல்டாக்ரான்’ என்று செய்தி வந்தது: டெல்டா வரிசைகளில் ஒமிக்ரானின் மாற்றங்கள் சில. கண்டுபிடித்த குழு தன் பக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் பிற நாட்டு நிபுணர்கள் பலர் இது ஆய்வகத்தில் நேர்ந்த கலப்பு என்றார்கள். அவர்கள் பார்த்தது எளிமையான விஷயம். ஒரே கலப்பினம் பரவியிருந்தால் அந்த வரிசைகள் மரத்தில் ஒரே கிளையில் கூடி நிற்க வேண்டும். இவை டெல்டா மரம் முழுக்கச் சிதறிக் கிடந்தன. விசித்திரமான மாற்றங்கள் ஒரே பிரைமர் துண்டுக்குள் அடங்கினாலோ, அதே நாளில் அதே தட்டில் ஓட்டிய மாதிரிகளில் மட்டும் இருந்தாலோ அறிவிப்பைத் தள்ளிவையுங்கள். வெறும் தண்ணீர் வைத்து ஓட்டிய கட்டுப்பாட்டு மாதிரியின் முடிவைக் கேட்டு வாங்குங்கள். அது சுத்தமாக இல்லையென்றால் அந்தத் தட்டே வேண்டாம்.

இரண்டாவது, உண்மையான கலப்பினம். ஒருவருக்குள் இரண்டு திரிபுகள் சேர்ந்து ஒரே மரபணுவாக ஒட்டிக்கொள்வது நடக்கும். எக்ஸ்பிபி அப்படிப் பிறந்ததுதான், ஒமிக்ரானின் இரண்டு கிளைகள் சேர்ந்து. எக்ஸ் என்று தொடங்கும் பாங்கோ பெயர் எல்லாம் கலப்பினமே. இவற்றுக்குத் தலைப்பக்கம் ஒரு தாய், வால்பக்கம் இன்னொரு தாய். சாதாரண மரம் இதை எங்கே வைப்பது என்று தெரியாமல் திணறும். மரபணுவை ஒட்டிய இடத்தில் வெட்டி, இரண்டு பாதிக்கும் தனித்தனி மரம் போட்டுத்தான் பார்ப்பார்கள்.

அடுத்து என்ன

 பிரௌசரில் ஓடும் நெக்ஸ்ட்கிளேட் பத்து இருபது வரிசைகளைவிட நிறையவே தாங்கும். சொந்தமாக மரம் கட்ட ஆசை வந்தால் லினக்ஸ் கட்டளைவரி கொஞ்சம் பழகிக்கொண்டு, ஒழுங்குபடுத்த மாஃப்ட், மரத்துக்கு ஐக்யூ-ட்ரீ, தேதி சேர்க்க ட்ரீடைம், படமாகப் பார்க்க ஆஸ்பைஸ் என்ற வரிசையில் போங்கள். நெக்ஸ்ட்ஸ்ட்ரெயின் குழுவின் ஆகர் இவற்றைச் சேர்த்தே ஓட்டித் தரும். பயிற்சிக்கு முதல் வேலையாக, அஷரில் டபிள்யூஏ2வின் அண்டை வரிசைகளை எடுத்து, 17747உம் 17858உம் இல்லாத ஒன்று வாஷிங்டன் மாநிலத்திலிருந்து கிடைக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். சாக்கடைக் கழிவுநீரில் எடுத்த மாதிரிகள் வேறு கதை. அதில் பல பேரின் வைரஸ் கலந்திருக்கும், ஒற்றை வரிசை கிடையாது. எந்தத் திரிபு எத்தனை சதவீதம் என்று பிரிக்க ஃப்ரேயா என்ற கருவியைப் பயன்படுத்துவார்கள்.

உங்கள் ஊர் வரிசைகளை வைத்து ஏதாவது எழுதுவதாக இருந்தால், விவரத்தாளில் என்ன போகிறது என்று கடைசியாக ஒரு முறை பாருங்கள். பெயர் இல்லாவிட்டாலும், சிறிய கிராமத்தின் பெயர், வயது, மாதிரி எடுத்த நாள் மூன்றும் சேர்ந்தால் ஊரில் எல்லோருக்கும் ஆள் யார் என்று தெரிந்துவிடும். மாவட்டப் பெயரும் வாரமும் போதும். ‘முதலில் கொண்டுவந்தவர்’ என்று யாரையும் குறிக்கும் அம்புக்குறியைப் படத்திலிருந்து எடுத்துவிடுங்கள். வரிசை அதைச் சொல்லவில்லை.